வெளியிலிருந்து நுழைவதா, பலகையின் மேலேயே இறங்குவதா?

காரைக்குடி வட்டாரத்தில் தேக்கு நிலைக்கதவுகளுக்கு சிஎன்சி ரவுட்டர் (கணினி வழிநடத்தும் மரச் செதுக்கு இயந்திரம்) ஓட்டுவோர் பலர், டூல்பாத்தை, அதாவது சுழன்று வெட்டும் பிட் ஓடும் வழியை, பலகைக்கு வெளியே தொடங்கி வெளியே முடிப்பதா, பலகையின் மேலேயே பிட்டை இறக்குவதா என்று தயங்குகிறார்கள்.

தழும்பு
வெளியே: பிட் காற்றிலேயே முழு ஆழத்துக்கு இறங்கிவிட்டுப் பக்கவாட்டில் மரத்தைத் தொடுவதால், விளிம்பில் வட்டத் தடமோ கருகலோ விழாது.
மேலே: செங்குத்தாக இறக்கினால் பிட் ஒரே இடத்தில் உரசிச் சூடேறும், அடிமையத்தில் வெட்டுமுனை இல்லாத பிட்டானால் மரம் கருகியே தீரும்.

இடம்
வெளியே: 6 மி.மீ. பிட்டின் மையம் விளிம்பிலிருந்து 3 மி.மீ.க்கு மேல் தள்ளியிருந்தால்தான் அது மரத்தைத் தொடாமல் இறங்கும். நான் 5 மி.மீ. விடுவேன். அந்த வழியில் பலகையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் நிற்கிறதா என்று பார்ப்பதைத்தான் (திரையில் கிளாம்ப் தெரிவதில்லை அல்லவா) பலரும் விட்டுவிடுகிறார்கள்.
மேலே: இந்தக் கவலை குறைவு.

நேரம்
வெளியே சற்றுக் கூடும், பொருட்படுத்த வேண்டியதில்லை.

வெளியே முடித்தாலும், இழைக்குக் குறுக்காக ஓடும் வெட்டு வெளியேறும் ஓரத்தில் நார் பிய்யக்கூடும் என்பதால், அங்கே ஒரு கழிவுக்கட்டையை நெருக்கி வைத்துத் தாங்கல் கொடுக்க வேண்டும்.

சட்டத்தின் ஓரம், பலகையின் குறுக்கே முழுவதும் ஓடும் பள்ளம், பலகையின் மேல்முகத்தைச் சமன்செய்தல் ஆகியவற்றுக்கு வெளித்தொடக்கமே சரி. நிலையின் நடுவே அமையும் கஜலட்சுமி உருவத்துக்கோ நாற்புறமும் மூடிய பள்ளத்துக்கோ வெளியே போக வழியில்லை. அங்கே 3 முதல் 5 பாகைச் சரிவில், பின்னர் வெட்டிக் கழியப்போகும் பகுதியில் பிட்டை இறக்குங்கள்.