ஊருக்குப் போய் மாமாவுக்குப் போன் வாங்கிய கதை

தீபாவளிக்குச் சிங்கப்பூர் போய்விட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. சிராங்கூன் ரோட்டில் இந்த வருஷம் விளக்கெல்லாம் எப்படி என்று இங்கே பெர்த்தில் கேட்காத ஆள் இல்லை. எனக்கு ஆறு வயதிலிருந்தே பார்வை கிடையாது என்று நன்றாகத் தெரிந்தவர்களும் கேட்கிறார்கள். நல்ல கூட்டம், இடி வாங்கினேன், முறுக்கு வாசம் தூக்கியது என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். உண்மையில் பதினாறு நாள் லீவில் பாதி நாள் போன் விஷயத்திலேயே போனது. பார்வை குறைந்துகொண்டே வரும் பெரியவர் யார் வீட்டிலாவது இருந்தால் உபயோகப்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. 68 வயது, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அங் மோ கியோவில் மூவறை வீடு. அவருக்குக் கிளாக்கோமா. அது வலிக்காமல் வரும், ஓரப் பார்வையைத்தான் முதலில் தின்னும், நடுவில் கொஞ்சம் மிச்சம் வைக்கும். இப்போது அவர் பார்ப்பது ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி.

அவர் பட்டன் போன் ஆசாமி. நடுவில் 5-ஆம் பட்டன்மேல் ஒரு சின்ன மேடு இருக்குமே, அதைத் தடவிக்கொண்டே எல்லா நம்பரையும் அடித்துவிடுவார். 2017 ஏப்ரலில் 2ஜி சேவையை நிறுத்தினார்கள், அந்தப் போன் செத்தது. சரி என்று இன்னொரு பட்டன் போன் வாங்கினார். 2024-இல் 3ஜி-யையும் மூடினார்கள், அதுவும் போயிற்று. மாமா மகன் அன்போடு ஒரு பெரிய ஆண்ட்ராய்ட் போன் வாங்கிக் கொடுத்தான், தட்டு மாதிரி இருக்கும். அப்பாவுக்குக் கண் மங்கல், பெரிய திரை, பெரிய எழுத்து என்றால் சுலபம் என்பது அவன் கணக்கு. எல்லாரும் போடுகிற கணக்குதான், தப்பு. குழாய் வழியாகப் பார்ப்பவருக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் குழாய்க்குள் ரெண்டு எழுத்துதான் அடங்கும், மிச்சத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் வாக்கியத்தின் ஆரம்பம் மறந்துபோகும். நடுப்பார்வை போனவருக்குப் பெரிதாக்குவது உதவும். ஓரம் போனவருக்கு எழுத்து சின்னதாக, கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக இருப்பதே நல்லது. அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான், பிறகு காதை நம்ப வேண்டியதுதான். அந்தத் தட்டு போன் அலமாரியில் கிடந்தது, சார்ஜ்கூட இல்லை.

போன மறுநாளே, மாமா, தோ பாயோ ரைஸில் நம்ம பார்வையற்றோர் சங்கம் இருக்கே, கால்டிகாட் எம்ஆர்டியில் இறங்கினால் பக்கம்தானே, ஒரு எட்டுப் போய் வருவோமா என்றேன். 1951-லிருந்து இருக்கிற சங்கம். நான் வெள்ளைக்கோல் பழகியதே அங்கேதான். மாமா சொன்ன பதில்: "அங்கெல்லாம் கண்ணு தெரியாதவங்கதானேம்மா போவாங்க." யாரிடம் சொல்கிறார் பாருங்கள். அத்தை பக்கத்து அறையிலிருந்து சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது.

அப்புறம் அத்தைதான் வழி கண்டுபிடித்தார். லெங்கோக் பாருவில் எனேபிளிங் வில்லேஜ் இருக்கிறது, உடற்குறையுள்ளவர்களுக்காக 2015-இல் திறந்த இடம். அதற்குள்ளேயே ஒரு ஃபேர்பிரைஸ் கடையும் உண்டு. சாமான் வாங்கப் போகிறோம் என்று சொல்லி மாமாவைக் கிளப்பிவிட்டார். உதவிக் கருவிகளைத் தொட்டுப் பார்க்கிற இடம் ஒன்று அங்கே இருக்கிறது, பேசும் கருவி, பிரெய்ல் கருவி என்று. மாமா எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார், விலையைக் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டார். உதவிக் கருவிகளுக்கு அரசு மானியம் இருக்கிறது, வருமானத்தைப் பொறுத்து விலையில் 90 விழுக்காடு வரை, வாழ்நாள் வரம்பு 40,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்கே அதிர்ச்சி, பத்து வருஷமாகக் கண் போய்க்கொண்டிருக்கிற மனிதர்.

சரி, போன் கடை. தேக்கா பக்கம் ஒரு கடை, பெயர் வேண்டாம். விற்கிற தம்பி தமிழ்ப் பையன், மரியாதையான பையன்தான், "அங்கிள் இதுல கேமரா 200 மெகாபிக்சல்" என்று ஆரம்பித்தான். மாமாவும் பாவம், தலையாட்டிக்கொண்டே இருந்தார். தம்பி, இதுல டாக்பேக் போட்டுக் காட்டுப்பா என்றேன், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற ஆண்ட்ராய்ட் வசதி அது. அவனுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. சத்தம் கூட்டும் குறைக்கும் பட்டன் ரெண்டையும் சேர்த்து மூணு செகண்ட் அழுத்தச் சொன்னேன். போன் பேச ஆரம்பித்ததும் அவன் பதறிவிட்டான், ஏனென்றால் அதற்குப் பிறகு ஒரு தட்டுக்கு எதுவும் திறக்காது, ஒரு தட்டு தட்டினால் பெயரைச் சொல்லும், ரெண்டு தட்டு தட்டினால்தான் திறக்கும். "அக்கா போன் ஹேங் ஆயிருச்சு" என்று முதலாளியைக் கூப்பிட்டான். முதலாளி வந்து, இதெல்லாம் போட்டா போன் கெட்டுப்போகும் என்று எனக்கு அறிவுரை சொன்னார். பதினைந்து வருஷமாக நான் இதில்தான் குடும்பம் நடத்துகிறேன்.

அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. நாங்கள் நோக்கியா வைத்திருந்த காலத்தில், போனைப் பேச வைக்கிற டாக்ஸ் மென்பொருளைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கணும், அது எந்த மாடலில் ஓடும் எதில் ஓடாது என்று நாங்களே ஒருவருக்கொருவர் விசாரித்துக்கொள்வோம், கடைக்காரருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. 2009-இல் ஐபோன் 3ஜிஎஸ், திரையைப் படித்துச் சொல்கிற வாய்ஸ்ஓவரோடு வந்ததிலிருந்துதான் நாங்களும் மற்றவர்கள் வாங்குகிற அதே போனை, அதே விலைக்கு வாங்குகிறோம். அது பெரிய மாற்றம். ஆனால் கடையில் நிற்கிறவருக்கு அது போனுக்குள் இருப்பது இன்னும் தெரியாது.

மாமாவுக்கு எதை எடுப்பது என்று ரெண்டு நாள் யோசித்தேன். ஆண்ட்ராய்ட் என்றால் மலிவு ரகம் வேண்டாம், திரைவாசிப்பான் திக்கித் திணறும், மென்பொருள் புதுப்பிப்பும் சீக்கிரம் நின்றுபோகும். பிக்சல், இல்லை நடுத்தர சாம்சங். டாக்பேக் இப்போது நன்றாகவே இருக்கிறது, ரெண்டு மூணு விரல் சைகையெல்லாம் 2021 வாக்கில் வந்துவிட்டது. ஐபோன் என்றால் புதிது எதிலும் கீழே ஹோம் பட்டன் இல்லை. கடைசியாக அதை வைத்திருந்த ஐபோன் எஸ்இ-யை 2025 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுத்திவிட்டது. கண் தெரிந்தவர்களுக்கு அது பழைய காலத்துப் பட்டன். மாமா மாதிரி ஆளுக்கு அது 5-ஆம் நம்பர் மேடு. எங்கே தொலைந்தாலும் அதை ஒரு அழுத்து அழுத்தினால் வீட்டுக்கு, அதாவது முதல் திரைக்கு, வந்துவிடலாம், விரலை வைத்தால் பூட்டும் திறக்கும், முகத்தைத் தூக்கிக் காட்ட வேண்டாம்.

விலையையும் கேமராவையும் கேட்கும் முன் நான் கேட்பது இதைத்தான்: கண்ணை மூடிக்கொண்டு இதைத் திறக்க முடியுமா, வழி தவறினால் திரும்பி வர முடியுமா, முதல் ரெண்டு வாரம் பக்கத்தில் உட்காரப் போவது யார்? மூணாவதற்குப் பதில் இல்லையென்றால் எந்தப் போனை வாங்கினாலும் அது அலமாரிக்குத்தான் போகும், மாமா மகன் வாங்கியதும் அப்படித்தான் போயிற்று.

கடைசியில் 2022 மாடல் எஸ்இ ஒன்று, பழையதுதான், பேட்டரி நன்றாக இருந்தது, 270 வெள்ளிக்கு எடுத்தோம்.

பாடம் சாப்பாட்டு மேசையில், காலையில் ஒரு மணி நேரம். முதல் நாள் வலதுபக்கம் தள்ளுவது, இடதுபக்கம் தள்ளுவது, ரெண்டு தட்டு. அந்த ரெண்டு தட்டுதான் படுத்தியது, கயிறு இழுத்த கை, முதல் தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு கோப்பி குடித்துவிடலாம். அமைப்பில் போய் இடைவெளி நேரத்தைக் கூட்டிவைத்தேன், பிறகு சரியாயிற்று. போன் வந்தால் ரெண்டு விரலால் ரெண்டு தட்டு, எடுக்கவும் அதுதான், வைக்கவும் அதுதான். இது ஒன்றுக்கே மாமா அசந்துபோனார், திரையில் எந்த இடத்தில் தட்டினாலும் சரி என்பதை அவரால் நம்பவே முடியவில்லை.

பெயர்களில் ஒரு கூத்து. மகன் எல்லாப் பெயரையும் ஆங்கில எழுத்தில் போட்டு வைத்திருந்தான். ஆங்கிலக் குரல் அதைப் படிக்கும்போது பெரியப்பா யாரோ ஐரோப்பியத் துரை மாதிரி ஆகிவிட்டார், யார் கூப்பிடுகிறார்கள் என்றே மாமாவுக்கு விளங்கவில்லை. எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் மாற்றினேன், தமிழ்க் குரலையும் இறக்கி வைத்தேன். தமிழ் எழுத்தைக் கண்டால் அது தானாகவே தமிழ்க் குரலுக்கு மாறிவிடும். ஐபோனில் அந்தக் குரலின் பெயர் வாணி. அன்றிலிருந்து மாமா போனையே வாணி என்றுதான் சொல்கிறார். அத்தைக்கு அதில் அவ்வளவாகச் சந்தோஷம் இல்லை.

மிச்சமிருக்கிற நடுப்பார்வையில் அவர் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார், மூக்கு திரையில் இடிக்கும். அப்படிப் பார்த்தால் காது பழகாது. அதனால் மூணு விரலால் மூணு தட்டு தட்டி, திரையைக் கறுப்பாக்கிவிட்டேன். போன் வேலை செய்யும், பேசும், ஆனால் எதுவும் தெரியாது. அன்று சாயங்காலமே உணவங்காடிக்குப் போனோம், சிங்கப்பூரின் 60 ஆண்டு நிறைவுக்கு அரசு கொடுத்த எஸ்ஜி60 பற்றுச்சீட்டு மாமாவுக்கு 800 வெள்ளி வந்திருந்தது, மகன் பதிவு செய்து கொடுத்தது, அதில் தோசை வாங்கி அத்தைக்குக் காட்டணும் என்று ஆசை. போனில் பற்றுச்சீட்டு இணைப்பைத் திறந்தார், வாணி சொல்லச் சொல்ல ரெண்டு வெள்ளி, அஞ்சு வெள்ளி என்று தேர்ந்தெடுத்தார், கியூஆர் வந்துவிட்டது என்று கம்பீரமாகப் போனை நீட்டினார். கடைக்கார அக்கா, "அண்ணே, போன் ஆஃப்ல இருக்கே" என்றார். இல்லம்மா ஆன்லதான் இருக்கு என்கிறார் மாமா. வாணியும் பேசிக்கொண்டிருக்கிறது. பின்னால் வரிசை நீளுகிறது. எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை, திரை கறுப்பாக இருந்தால் என்ன வெளிச்சமாக இருந்தால் என்ன, எனக்கு எல்லாம் ஒன்றுதானே. தோசை ஆறிய பிறகுதான் மூணு விரல் ஞாபகம் வந்தது.

எனக்கும் ஒரு சோலி இருந்தது. அங்கே பழைய வங்கிக் கணக்கு ஒன்று. வங்கிச் செயலிக்குள்ளேயே ஆளை உறுதிசெய்கிற டிஜிட்டல் டோக்கன் இருந்தால் கணக்குக்குள் நுழைய எஸ்எம்எஸ் ஓடிபி கிடையாது என்று 2024-இல் முடிவெடுத்தார்கள், மோசடி குறையும் என்பதால். சரியான முடிவுதான். ஆனால் என் வங்கியின் செயலியில் ரகசிய எண் அடிக்கிற இடத்தில் பத்துப் பட்டனுக்கும் வாய்ஸ்ஓவர் சொன்னது ஒரே வார்த்தை: பட்டன். பட்டன், பட்டன், பட்டன். கிளைக்குப் போனால், பார்வை உள்ள யாரையாவது அழைத்து வந்து எண்ணைச் சொல்லி அடிக்கச் சொல்லுங்கள் என்றார்கள். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற அறிவிப்பு ஒலிபெருக்கியில் நாலு மொழியிலும் ஓடிக்கொண்டிருந்தது. தமிழிலும் கேட்டேன். புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன், இன்னும் பதில் இல்லை.

கிளம்புகிற அன்று சாங்கி விமான நிலையத்துக்கு மாமா வரவில்லை, முட்டி வலி. இங்கே வந்து நாலாம் நாள் ஒரு குரல் செய்தி வந்தது, மூணு நிமிஷம். முதல் ஒரு நிமிஷம் மின்விசிறிச் சத்தமும் பாக்கெட்டில் உரசுகிற சத்தமும். அப்புறம் மாமா, நல்லாப் போய்ச் சேர்ந்தியா, சாப்பாடெல்லாம் எப்படி என்று கேட்கிறார். பின்னால் வாணியும் சேர்ந்து பேசுகிறது, "இரு வாணி, நான் பேசிக்கிட்டிருக்கேன்ல" என்று ஒரு அதட்டல். செய்தியை இன்னொரு முறை போட்டுக் கேட்டேன். வாணி அங்கே வைத்துவிட்டு வந்த வேகத்தில் இல்லை, ரெண்டு மடங்கு வேகமாகப் பேசுகிறது. வேகத்தைக் கூட்டுவது எப்படி என்று நான் சொல்லித்தரவே இல்லை.