அடி இற்றுப்போன தூண்: வெட்டி மாற்றுவதா, முழுசாகவே மாற்றுவதா?

பினாங்கில் பலகை வீட்டு வராந்தாவோ, பின்பக்கம் மரத்தளமோ வைத்திருப்பவர்கள் அதன் தூண்களின் அடியை ஒருமுறை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். மேலே கல் மாதிரி இருக்கும் தூண், மண்ணைத் தொடும் இடத்தில் சதசதவென்று உள்வாங்கும். மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். இரண்டும் தாராளமாகக் கிடைப்பது தரைமட்டத்தில்தான். பாலிக் புலாவ் பக்கம் பழைய மலாய் வீடுகளில் தூணை மண்ணில் புதைக்காமல் கல்மேல் நிறுத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக அல்ல.

ஆள் கூப்பிட்டால் முதலில் வரும் யோசனை, "அண்ணே, சுத்தி சிமெண்டு ஊத்திடலாம்." மலிவு, அரை நாள் வேலை. ஆனால் மரம் காய்ந்து சுருங்கும்போது சிமெண்டுக்கும் தூணுக்கும் நடுவே இடைவெளி விழும். மழைத் தண்ணீர் அதில் இறங்கி வெளியேற வழியில்லாமல் நிற்கும். வெளியே பார்த்தால் கெட்டியாகத் தெரியும், உள்ளே முன்பைவிட வேகமாக இற்றுப்போகும். இதை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

எபாக்சி (கலந்து பூசினால் இறுகிக் கெட்டியாகும் பசை) பூசுவது பல் அடைப்பது மாதிரி. ஓரத்தில் சின்னக் குழி என்றால் சரி. பாரம் இறங்கும் அடிப்பகுதியே போய்விட்ட தூணுக்கு அது வெறும் மேக்கப்.

ஆக, உண்மையான போட்டி இரண்டு வழிகளுக்குத்தான்.

முதலாவது, கெட்ட அடியை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, அந்த உயரத்துக்குக் கான்கிரீட் கட்டை எழுப்பி, மேலே இரும்புக் காலணி (தூணின் அடியைப் பிடித்துத் தாங்கும் இரும்புப் பொருத்தி) வைத்து, மிச்சத் தூணை அதில் நிறுத்துவது. மரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஓர் அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். இதற்கு உத்திரத்தின் கீழே இரும்பு முட்டுக்கட்டையும் ஜாக்கும் கொடுத்து, பாரம் தூணை விட்டு விலகும் அளவுக்கு மட்டும் மெதுவாக ஏற்றினால் போதும். ஆர்வத்தில் ஏற்றிக்கொண்டே போனால் மேலே பலகையும் சுவரும் விரிசல் விடும். ஒரு நேரத்தில் ஒரு தூண்தான். அறுக்கும்போது நல்ல மரம் தெரிந்த பிறகும் கொஞ்சம் மேலேயே அறுங்கள்; நிறம் மாறாத இடத்திலும் பூஞ்சை ஏறியிருக்கும்.

தூண் குட்டையாக, நேராகக் கீழே பாரம் இறங்குவதாக இருந்தால் எனக்கு இதுதான் முதல் தேர்வு. செங்கால் (chengal) என்ற கெட்டி மரத்தில் செய்த பழைய தூண் என்றால் இன்னும் உறுதியாகச் சொல்வேன்: அந்தத் தரத்தில் புது மரம் வாங்கப் போனால் விலை கேட்டே உட்கார்ந்துவிடுவீர்கள்.

முழுசாக மாற்ற வேண்டிய இடங்களும் உண்டு. ஆயர் ஈத்தாம் சரிவுகளில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் தூண்கள் பக்கவாட்டிலும் ஆடும். அங்கே நடுவில் ஓர் இணைப்பு வைப்பது ஆபத்து. தட்டினால் மேல்வரை பொள்ளல் சத்தம் வந்தாலோ, கறையான் மண்பாதை உத்திரம் வரை ஏறியிருந்தாலோ ஒட்டுவேலைக்கு இடமில்லை. முதலில் கறையானுக்கு மருந்து, அப்புறம் புதுத் தூண்.

எந்த மரம்? செங்கால்தான் ராஜா, ஆனால் அதன் உள்ளிருக்கும் வைர மரம் மட்டும். வெளிறிய ஓரப்பகுதியோடு வரும் கட்டையைக் கறையான் விடாது. கெம்பாஸ் இயல்பாகக் கறையானுக்குத் தாங்காது, ஆனால் மருந்தை நன்றாக உறிஞ்சும். மருந்து ஏற்றியதாக இருந்தால் வாங்கலாம். சிவப்பு மெராந்தி வெளித் தூணுக்கு வேண்டாம். இடித்த வீடுகளில் இருந்து வரும் பழைய செங்கால் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். இரும்புக் குழாய்த் தூண் சுலபம்தான், கடற்கரை ஓரத்தில் அடிக்கடி பெயிண்ட் அடிக்கத் தயாராக இருந்தால். போல்ட்டும் அங்கே ஸ்டெயின்லெஸ்தான்.

எந்த வழியில் போனாலும் கூரைத் தண்ணீர் தூண் அடியில் கொட்டாமல் பீலியைத் திருப்புங்கள், தூணைச் சுற்றிய மண்ணையும் பூந்தொட்டியையும் விலக்குங்கள். கழற்றிய மரம் மருந்து ஏற்றியதாக இருந்தால் பொங்கல் அடுப்புக்கு வைத்துவிடாதீர்கள். பழைய மருந்தில் ஆர்சனிக் இருக்கும், புகையும் சாம்பலும் விஷம்.