விழித்திரைப் புகைப்படமா, ஓசிடி ஸ்கேனா?

வயதானவர்களின் நடுப்பார்வையைப் பறிக்கும் மாக்குலா (விழித்திரையின் மையப் பகுதி) சிதைவைக் கண்டுபிடிக்க, செயற்கை நுண்ணறிவுக்கு இந்த இரண்டில் எதைக் கொடுப்பது?

புகைப்படம் எளிது. கேமரா முன் தாடையை வைத்தால் சில நொடிகளில் முடிந்துவிடும். விழித்திரைக்கு அடியில் படியும் ட்ரூசன் என்ற கழிவுப் படிவுகள் அதில் மஞ்சள் புள்ளிகளாகத் தெரியும். 125 மைக்ரானைத் தாண்டிய புள்ளிகள் கவலைக்குரியவை. மென்பொருள் அவற்றைச் சலிக்காமல் தேடும். கண்புரை இருந்தால் மட்டும் படம் மங்கிவிடும்.

ஒளியால் எடுக்கும் ஸ்கேனான ஓசிடி வேறு ரகம். விழித்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல் அடுக்கடுக்காகக் காட்டும். இந்த நோயின் ஈர வகையில், ரத்தக் குழாய்களிலிருந்து கசியும் திரவம் புகைப்படத்தில் தப்பிவிடலாம். இங்கே கருப்புப் பைகளாக அப்படியே தெரியும். 2018-இல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையும் கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டும் வெளியிட்ட ஆய்வில், மென்பொருள் முதலில் அடுக்குகளையும் திரவத்தையும் வரைபடமாகப் பிரித்தது. பிறகே எவ்வளவு அவசரம் என்று சொன்னது. அந்த வரைபடத்தை மருத்துவரே சரிபார்க்கலாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

பெருங்கூட்டத்தில் நோயாளிகளைச் சலித்தெடுக்கப் புகைப்படமே போதும், கருவியும் மலிவு. ஆனால் நேர்கோடு வளைந்து தெரிகிறதா? புகைப்படத்தில் ‘நார்மல்’ என்று வந்தாலும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், உடனே ஓசிடி எடுங்கள். ஈர வகைக்குக் கண்ணில் போடும் ஊசி தள்ளிப்போனால், இழந்த பார்வை திரும்புவது கடினம்.