ரஷ் குழுவின் 'வேப்பர் டிரெய்ல்ஸ்': 2002 சிடியா, 2013 ரீமிக்ஸா?

என் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று 2002-இல் முடிவே கட்டிவிட்டேன். புதிதாக வாங்கி வந்த சிடியைப் போட்டால், கிட்டார் ஏறும் இடமெல்லாம் காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு பொரிச்சல். மறுநாள் ஒரு பக்கத்து ஸ்பீக்கரைக் கழற்றி, துண்டில் சுற்றி, பஸ் ஏறி கோல்மன் ஸ்திரீட் அடெல்பிக்குப் போனேன். சிங்கப்பூரில் ஒலிப்பெட்டிப் பைத்தியம் பிடித்தவர்கள் கடைசியில் போய்ச் சேரும் இடம் அதுதான். கடைக்காரர் இரண்டு கட்டைவிரலாலும் கூம்பை மெல்ல அழுத்திப் பார்த்தார். தன்னுடைய சிடி ஒன்றைப் போட்டார். கண்ணாடி மாதிரி இருந்தது. பிறகு என் சிடியை எடுத்து, என் நாலு மாதச் சம்பளத்துக்கும் எட்டாத விலையில் நின்ற அவருடைய ஸ்பீக்கரில் போட்டார். அதே பொரிச்சல். சிடியை உறையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார். காசு எதுவும் வாங்கவில்லை.

அந்தச் சிடிதான் கனடாவின் ராக் குழுவான ரஷ்ஷின் 'வேப்பர் டிரெய்ல்ஸ்'. பதினோரு ஆண்டு கழித்து, அதே ஆல்பத்தை அவர்களே புதிதாக ரீமிக்ஸ் செய்து, அதாவது பதிவான குரலையும் வாத்தியங்களையும் மறுபடி கலந்து, வெளியிட்டார்கள். இரண்டும் என்னிடம் இருக்கின்றன. டிரம்ஸுக்கு அனிகா நில்லஸைச் சேர்த்துக்கொண்டு 2026-இல் மீண்டும் மேடையேறப் போவதாக 2025 அக்டோபரில் இவர்கள் அறிவித்தார்கள். அன்றிலிருந்து என் அக்கா மகன், "மாமா, இவங்களோட எந்த ஆல்பத்தை முதல்ல கேக்கறது?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். மற்ற ஆல்பங்களுக்குப் பெயரைச் சொன்னால் போதும். இதற்கு மட்டும் வருடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கதை தெரியாதவர்களுக்கு: 1968-இல் டொராண்டோவில் தொடங்கிய குழு. பாட்டும் பேஸ் கிட்டாரும் கெடி லீ, கிட்டார் அலெக்ஸ் லைஃப்சன், 1974 முதல் டிரம்ஸுக்கு நீல் பியர்ட். பாடல் வரிகளும் பெரும்பாலும் பியர்ட் எழுதியவைதான். 1997 ஆகஸ்டில் அவருடைய மகள் கார் விபத்தில் போய்விட்டாள். அடுத்த பத்து மாதத்தில் மனைவியும் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். மனிதர் டிரம்ஸை விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஏறி வட அமெரிக்கா முழுக்க அலைந்தார். குழு அவ்வளவுதான் என்று எல்லாரும் நினைத்திருக்க, 2001-இல் மூவரும் டொராண்டோவில் மறுபடி கூடினார்கள். ஏறத்தாழ ஒரு வருட உழைப்பு. 2002 மே 14 அன்று ஆல்பம் வந்தது. 13 பாட்டு, 67 நிமிடம். எண்பதுகளில் இவர்களுடைய அடையாளமாகவே இருந்த கீபோர்டு இதில் மருந்துக்கும் கிடையாது.

சரி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். முதல் பாட்டு 'ஒன் லிட்டில் விக்டரி'யின் தொடக்கம் ஒன்றே போதும். பியர்ட் தனியாக நுழைகிறார், இரட்டை பேஸ் டிரம்மில், தலைதெறிக்கிற ஓட்டத்தில். அத்தனை இழப்புக்குப் பிறகு அந்த மனிதர் திரும்பி வந்து கதவைத் தட்டுவது இப்படித்தான். 2002 சிடியிலும் இந்தத் தனி டிரம்ஸ் பிரமாதமாகவே இருக்கிறது. சிக்கல் வருவது கிட்டார் நுழையும் நொடியில். அதுவரை முன்னால் நின்ற டிரம்ஸ் சட்டென்று சுருங்கி, கிட்டாருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. மூன்று பேரும் சேர்ந்தால் சத்தம் ஒரு படி ஏற வேண்டுமே, ஏறவில்லை. சிம்பல் தட்டுகள் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே இரைச்சலாக, தகரக் கூரையில் மழை பெய்வது போலப் பரவிக் கிடக்கின்றன.

2013 ரீமிக்ஸில் அதே இடத்தைப் போடுங்கள். கிட்டார் வருகிறது, டிரம்ஸ் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கெடி லீயின் பேஸ் இரண்டுக்கும் நடுவே தனக்கென்று ஒரு பாதை போட்டுக்கொண்டு போவது தெரிகிறது. அந்த பேஸ் வரியை 2002 சிடியில் நான் பதினோரு வருடம் கேட்டிருக்கிறேன், ஆனால் அங்கே அப்படி ஒரு வரி ஓடுகிறது என்பதே எனக்குத் தெரியாது.

ஏன் இப்படி ஆனது? சிடியில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 16 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் எதுவோ அதுதான் கூரை. அதற்கு மேலே எழுத இடமில்லை. நம் வீவக அடுக்குமாடி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தரையில் நின்று குதித்தால் தலைக்கு மேல் இடம் இருக்கும். ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டு குதித்தால் தலை இடிக்கத்தான் செய்யும். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து பெரும்பாலான ராக் ஆல்பங்களை ஏணியில் ஏற்றினார்கள். வானொலியிலும் சிடி சேஞ்சரிலும் அடுத்த குழுவின் பாட்டைவிட நம்முடையது மெலிதாகக் கேட்டுவிடக் கூடாது என்ற பயம். மெலிந்த இடங்களை மேலே தூக்கி, உயரும் இடங்களை லிமிட்டர் போட்டு அமுக்கி, அதற்கும் அடங்காத முனைகளை வெட்டிவிட்டார்கள். அடெல்பியில் கேட்ட பொரிச்சல் அப்படி வெட்டுப்பட்ட முனைகளின் சத்தம். கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளைப் போட்டு இந்தச் சிடியின் ஒலியலையைத் திறந்து பாருங்கள். மலையும் பள்ளமுமாக இருக்க வேண்டியது, தறித்து வைத்த வேலி மாதிரி ஒரே உயரத்தில் நிற்கும்.

தைப்பூசத்தில் உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அடி நெஞ்சில் வந்து இறங்குவது, அதற்கு முந்தைய கணம் கொஞ்சம் அமைதியாக இருப்பதால்தான். அந்தக் கணத்தையும் நிரப்பிவிட்டால் காது வலிக்கும், நெஞ்சில் எதுவும் இறங்காது.

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். பழுது மாஸ்டரிங் என்ற கடைசிக் கட்டத்தில் மட்டும் நேர்ந்ததில்லை. அதற்கு முன்னாலேயே, மிக்ஸிலேயே, ஒலி கரகரத்துப் போயிருந்தது. அதனால் ரீமாஸ்டர் செய்து பயனில்லை. உப்புக் கூடிப்போன குழம்பை வேறு பாத்திரத்தில் ஊற்றிப் பரிமாறுவது போலத்தான் இருக்கும். நறுக்கி வைத்த காயிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், அதாவது தனித்தனியாகப் பதிவான தடங்களுக்குத் திரும்பிப் போக வேண்டும். அது காசும் நேரமும் பிடிக்கிற வேலை. பழைய ஒலியில் தங்களுக்குத் திருப்தி இல்லை என்று லீயும் லைஃப்சனும் வெளிப்படையாகவே சொல்லிவந்தார்கள். 2009-இல் வந்த ஒரு தொகுப்பு ஆல்பத்தில் 'ஒன் லிட்டில் விக்டரி', 'எர்த்ஷைன்' இரண்டையும் மட்டும் ரிச்சர்ட் சிக்கி ரீமிக்ஸ் செய்தார். வெள்ளோட்டம் மாதிரி. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இரண்டு பாட்டுக்காக ஒரு தொகுப்பை வாங்கச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்த மாட்டேன். முழு ஆல்பத்தையும் டேவிட் போட்ரில் கையில் கொடுத்தார்கள். டூல் என்ற ராக் குழுவோடு வேலை செய்தவர், கனத்த கிட்டாருக்கு நடுவே டிரம்ஸுக்கு இடம் ஒதுக்கத் தெரிந்தவர். அதுதான் 2013 பதிப்பு.

அப்படியானால் புதியதை வாங்கிவிட்டுப் பழையதைத் தூக்கிப் போடலாமா? நானும் முதல் வாரம் அப்படித்தான் நினைத்தேன்.

அக்கா மகனை உட்காரவைத்து ஒரு சோதனை செய்தேன். எது எந்தச் சிடி என்று சொல்லவில்லை. இப்படி ஒப்பிடும்போது எல்லாரும் செய்கிற தவறு, வால்யூமைச் சமப்படுத்தாமல் விடுவது. கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதைத்தான் காது எப்போதும் நல்லது என்று சொல்லும். அந்த ஏமாளித்தனத்தை நம்பித்தான் இந்தச் சத்தப் போட்டியே நடந்தது. போனில் ஒலி அளக்கும் செயலியைப் போட்டு, இரண்டும் ஒரே அளவில் ஒலிக்கும்படி ஆம்ப்ளிஃபயரின் குமிழைச் சரிசெய்துவிட்டு ஆரம்பித்தேன். 'ஸ்வீட் மிராக்கிள்', 'சீக்ரெட் டச்' இரண்டுக்கும் அவன் யோசிக்கவே இல்லை, இரண்டு முறையும் 2013-ஐக் காட்டினான். 'கோஸ்ட் ரைடர்' வந்தபோது தயங்கினான்.

"மாமா, இதுல எல்லாம் தெளிவா இருக்கு. ஆனா அதுல ஆள் கஷ்டத்துல இருக்கற மாதிரி இருக்கு."

அந்தப் பாட்டு பியர்ட் மோட்டார் சைக்கிளில் அலைந்த நாட்களைப் பற்றியது. இவனுக்கு அது தெரியாது. பழைய மிக்ஸில் குரலையும் கிட்டாரையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்த அந்த மூச்சுமுட்டல், இந்தப் பாட்டுக்கு எப்படியோ பொருந்திவிட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் நம்பவில்லை. ரீமிக்ஸில் சில குரல் அடுக்குகளும் கிட்டார் அடுக்குகளும் இடம் மாறியிருக்கின்றன. பழையதை மனப்பாடமாகக் கேட்டவர்களுக்கு, ஊருக்குப் போனால் வீட்டு வாசலைத் திசை மாற்றிக் கட்டியிருப்பது போல ஓர் உறுத்தல் இருக்கும். இன்னொன்று, 2013-உம் மென்மையான ஆல்பம் என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் இந்தக் காலத்து ராக் ஆல்பம்தான், நல்ல சத்தம்தான். மூச்சுவிட இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கே கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். எம்ஆர்டியில் சாதாரண இயர்போனில் கேட்டால், சுரங்கத்துக்குள் ரயில் போடும் இரைச்சலில் ரீமிக்ஸின் நுணுக்கங்களில் பாதி காணாமல் போய்விடும். தட்டையாக அமுக்கிய 2002 பதிப்பு இரைச்சலுக்கு மேலே மிதந்து வரும். வீட்டில் இரவு பத்தரைக்கு மேல், பக்கத்து வீட்டுக்காரருக்காக வால்யூமைக் குறைத்துக் கேட்கும்போதும் கொஞ்சம் அப்படித்தான். ஹெட்போனில் உட்கார்ந்து கேட்டால் பழையதை நாலு பாட்டுக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை, காது களைத்துவிடுகிறது. 67 நிமிடமும் ஒரே மூச்சில் கேட்க முடிந்தது ரீமிக்ஸை மட்டும்தான்.

ஸ்ட்ரீமிங் காலத்தில் பழையதற்கு இருந்த ஒரே பலமும் போய்விட்டது. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது, சத்தத்தை அளக்கும் அலகில் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் என்பார்கள். ஏணியில் ஏறியதையெல்லாம் பிடித்து இறக்கிவிடுவார்கள். இறங்கியபின் பார்த்தால், முனை வெட்டுப்பட்ட பாட்டு சப்பையாகவும், வெட்டுப்படாத பாட்டு எடுப்பாகவும் தெரியும். எல்பி இசைத்தட்டு பற்றிக் கேட்காதீர்கள், இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதைப் பராமரிக்கும் பொறுமை எனக்கில்லை.

மெட்டாலிகா ரசிகர்கள் இதற்குள் சிரித்திருப்பார்கள். 2008 செப்டம்பரில் வந்த அவர்களுடைய 'டெத் மேக்னட்டிக்' ஆல்பத்துக்கும் இதே வியாதி. அங்கே கூத்து என்னவென்றால், அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ விளையாட்டுக்கும் வெளியாகின, அதில் ஒலி சிடியைவிடத் தெளிவாக இருந்தது. காசு கொடுத்துச் சிடி வாங்கியவர்கள் விளையாட்டிலிருந்து பாட்டை எடுத்துக் கேட்டார்கள். ரீமிக்ஸ் வேண்டும் என்று ஆயிரக்கணக்கானவர்கள் மனுப் போட்டார்கள். மிக்ஸ் தன் கைக்கு வந்தபோதே அமுக்கப்பட்டுத்தான் வந்தது என்று மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சனே ஒரு ரசிகருக்கு எழுதினார். டிரம்மர் லார்ஸ் உல்ரிச் மட்டும் ஒலியில் குறை எதுவும் இல்லை என்று நின்றார். 2013-இல் சாங்கி கண்காட்சி மையத்தில் அவர்கள் வாசித்தபோது நானும் கூட்டத்தில் நின்றேன். திறந்தவெளி, லிமிட்டர் போட்டு அமுக்கக் கூரையே இல்லை. அந்த டிரம்ஸ் சிடியில் ஏன் இப்படி விழவில்லை என்று வரும் வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன். பழுதை ஒப்புக்கொண்டு, முழு ஆல்பத்தையும் திரும்பப் பிரித்து மேய்ந்தவர்கள் என்ற வகையில் ரஷ்தான் எனக்கு ஒரு படி மேல். பியர்ட் 2020 ஜனவரியில் மறைவதற்குள் அது நடந்ததில் எனக்குத் தனியாக ஓர் ஆறுதல்.

ஆக, புதிதாக ஒன்றே ஒன்று வாங்குபவர்கள் 2013 ரீமிக்ஸை வாங்குங்கள், யோசிக்க வேண்டாம். உறையில் ரீமிக்ஸ் என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சிடி எங்காவது பழைய பொருள் கடையில் ஐந்தாறு வெள்ளிக்குக் கிடைத்தால் அதையும் எடுத்துக்கொள்ளலாம், 'கோஸ்ட் ரைடர்' ஒன்றுக்காக.

என்னுடைய 2002 சிடி இப்போது கம்பெனி வேனில் இருக்கிறது. பான் ஐலண்ட் விரைவுச்சாலையில், ஏசி முழு வேகத்தில் ஓட, பின்னால் ஏணியும் கருவிப்பெட்டியும் தடதடக்க, அதற்கு ஈடுகொடுக்கிற ஆல்பம் அது ஒன்றுதான். போன வாரம் அக்கா மகன் வேனில் ஏறினான். ஹெட்போனில் கேட்பதற்காக அவனுக்கு நான் கொடுத்த ரீமிக்ஸ் சிடி பையில் இருந்தது. அதை எடுத்து நீட்டுவான் என்று பார்த்தேன்.

"இருக்கட்டும் மாமா, பழசே ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு, வால்யூமை ஒரு சுற்று ஏற்றினான்.