‘4கே அப்ஸ்கேல் கார்ட்’ வாங்கப் போகிறவர்களுக்கு

பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில், காலி வீதியில் உள்ள ஒரு கணினிக் கடையில், பழைய வீடியோவை 4கே தெளிவுக்கு உயர்த்தும் என்று சொல்லி விற்ற போலிக் கிராபிக்ஸ் கார்டை நம்பி, போன ஆடி மாதம் 38,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். கடையின் பெயரைப் போடப்போவதில்லை. அதே சரக்கை வேறு கடையிலும் உங்கள் கையில் தரலாம், அதனால் சரக்கை எப்படி அடையாளம் காண்பது என்று எழுதுகிறேன்.

அக்கா ஆடிவேலுக்குக் கனடாவிலிருந்து வருவதாக இருந்தது. அவருடைய கல்யாண வீடியோவை எல்லோரும் ஒன்றாக இருந்து பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. 1998இல் விஎச்எஸ் நாடாவில் எடுத்தது, பிறகு யாரோ டிவிடியாக்கித் தந்தார்கள். நான் அதைக் கணினிக்கு மாற்றி, புதிதாக வாங்கிய 55 அங்குல 4கே டிவியில் போட்டால் முகங்கள் எல்லாம் சோப்பு நுரைக்குள் இருப்பது போல. ஐயர் கையை அசைத்தால் விரலைச் சுற்றிச் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள்.

கடையில் இருந்த பெடியன் நான் சொல்லி முடிக்கவே விடவில்லை. “அண்ணை, உங்கட பிசியில விஜிஏ கார்ட் இல்லை, அதுதான் பிரச்சினை. 1050 டிஐ போடுங்கோ, பழைய படமெல்லாம் 4கேயில வரும்.” 1050 டிஐ என்பது என்விடியா நிறுவனத்தின் ஒரு கிராபிக்ஸ் கார்ட் மாடல். சொன்னதோடு நிற்காமல் சுவரில் இருந்த டிவியில் ஓட்டியும் காட்டினான். நிறம் நிறமாக மீன்கள், செதில் செதிலாகத் தெரிந்தன. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அந்த மீன் வீடியோ முதலிலேயே 4கேயில் எடுக்கப்பட்டது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. என் கையில் பென்டிரைவ் இருந்தது, அதைப் போட்டுக் காட்டு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கார்ட் 28,500. மாட்டிப் பார்த்தால் டிவி 4கேயை விடக் குறைந்த 1080இல்தான் நின்றது, 4கே என்ற தெரிவே வரவில்லை. போன் எடுத்தேன். கேபிள் சரியில்லையாம், தங்க முலாம் பூசிய கேபிள் 3,500. அதற்கும் அசையவில்லை. பிறகு “டிவிடியைத் தாங்கோ அண்ணை, நாங்களே 4கேயாக மாத்தித் தாறம்” என்று இன்னொரு 6,000. திரும்பி வந்த கோப்பு உண்மையிலேயே 4கே அளவான 3840க்கு 2160தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுத்ததில் மாப்பிள்ளை அத்தானுக்கு இரண்டு மடங்கு கன்னம். சீப்புக் கோடுகளையும் அப்படியே பெருப்பித்து ஒட்டிவிட்டார்கள். டிவிடியில் இருக்கும்போது அதைப் பிளேயராலேயே நீக்கலாம். இப்படிப் பெருப்பித்து உருக்கிய பிறகு நீக்குவது ஏறக்குறைய முடியாத காரியம்.

கார்ட் போலி என்று கண்டுபிடித்தது ரொறொன்ரோவில் இருக்கும் என் மருமகன். “மாமா, கார்டின் உண்மை விவரத்தைக் காட்ட ஜிபியு-இசட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கு, போட்டுப் படம் அனுப்புங்கோ” என்றான். திறந்ததும் பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று தெளிவாக நின்றது. உள்ளே இருந்தது 2010இல் வந்த ஜிடிஎஸ் 450 என்ற பழைய கார்ட். அந்தக் கார்டுக்குள் இருக்கும் பயஸ் என்ற அடிப்படை மென்பொருளை மாற்றி எழுதி, பெயரை 1050 டிஐ என்று காட்டச் செய்திருக்கிறார்கள். உண்மையான 1050 டிஐயில் கணக்குப் போடும் கோர்கள் 768. இதில் 192. நினைவகம் 4 ஜிபி என்று பெட்டி சொல்கிறது, உள்ளே 1 ஜிபி. அந்தத் தலைமுறைக் கார்ட் எச்டிஎம்ஐ வழியாக 4கே அனுப்பவே அனுப்பாது, தங்கக் கேபிள் என்ன, வைரக் கேபிள் போட்டாலும்.

மென்பொருள் இல்லாமலே கடையில் வைத்துப் பிடித்திருக்கலாம். கார்டின் பின்பக்கத்தில் நீல நிற விஜிஏ துளை ஒன்று இருந்தது. நாம் எல்லாக் கிராபிக்ஸ் கார்டையும் விஜிஏ கார்ட் என்று சொல்லிப் பழகியதால் எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. 1050 டிஐ சிப்பில் அந்தப் பழைய அனலாக் வெளியீடே கிடையாது, ஆகவே அந்தத் துளையைக் கண்டால் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தனி மின் கம்பி செருகச் சொன்னாலும் யோசியுங்கள். பெரும்பாலான 1050 டிஐக்கு அது தேவையில்லை, தேவைப்படும் மாடல்களும் உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். பெடியன் ஒரு சிடியைத் தந்து “டிரைவரை மட்டும் அப்டேட் பண்ணிடாதேங்கோ” என்று மூன்று தரம் சொன்னான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஜிடிஎஸ் 450 காலத்துக் கார்டுகளுக்குப் புதிய டிரைவர் தருவதை என்விடியா 2018இல் நிறுத்திவிட்டது, அதனால் புதியதைப் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கடைக்குத் திரும்பப் போனபோது முதலாளி பில்லை எடுத்து என் முன்னால் வைத்தார். ‘விஜிஏ கார்ட் 1’. அவ்வளவுதான் எழுதியிருந்தது. மாடல் இல்லை, இலக்கம் இல்லை. “நாங்கள் 1050 என்று எங்க எழுதியிருக்கிறம்?” என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். மாற்றித் தந்த வீடியோவுக்கான 6,000ஐ மட்டும் அரை மனதோடு திருப்பித் தந்தார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம், நானும் அழைத்தேன். ஆனால் அப்படியொரு பில்லை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது? காசு கொடுக்கும் முன் முழு மாடல் பெயரையும் தொடர் இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

சரி, கல்யாண வீடியோவுக்கு என்ன ஆனது? மருமகன் சொல்லச் சொல்ல அந்தக் கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கேபிளை மதர்போர்டிலேயே செருகினேன். என் எட்டாம் தலைமுறை ஐ5 செயலிக்குள் இருக்கும் கிராபிக்ஸே இந்த வேலைக்குப் போதுமாம். எம்பிவி என்ற இலவச பிளேயரைப் போட்டு, அதன் உயர்தர அமைப்பை இயக்கினேன். படம் ஓடும்போது டி விசையை, அதாவது டிவிடியின் முதல் எழுத்தை, ஒரு தட்டுத் தட்டியதும் சீப்புக் கோடுகள் மாயமாகின. நம் நாட்டுப் பழைய வீடியோ பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் எடுத்தது, நொடிக்கு 50 புலம், அதாவது ஒன்றுவிட்ட கோடுகள் மட்டும் கொண்ட 50 அரைப் படங்கள். அதனால் கணினியின் வெளியீட்டை 1080, 50 ஹெர்ட்ஸ் என்று வைத்தோம். 1080இலிருந்து 2160 சரியாக இரண்டு மடங்கு, அந்தக் கடைசிப் பெருப்பித்தலை டிவி தானே பார்த்துக்கொள்கிறது. டிவியில் ஷார்ப்னஸைக் குறைத்ததும் சேலைக் கரையோரம் ஓடிய வெள்ளைக் கோடும் போய்விட்டது.

இதனால் 4கே ஆகிவிட்டதா என்றால் இல்லை. டிவிடியில் ஓடும் ஒவ்வொரு படத்திலும் (பிரேமில்) 720க்கு 576 புள்ளிகள். 4கே திரையில் அதைப்போல் 20 மடங்கு. மீதி 19 பங்கையும் எந்தக் கார்டும் ஊகித்துத்தான் நிரப்ப வேண்டும். நாடாவிலேயே பதியாத மூக்குத்திக் கல்லை யார் கொண்டுவந்து வைப்பது? இப்போது படம் கொஞ்சம் மென்மையாக, ஆனால் பார்க்கக்கூடியதாக இருக்கிறது. கன்னங்களும் பழைய அளவுக்கு வந்துவிட்டன.

போன கிழமை அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அதே பெட்டி, அதே மீன் வீடியோ. விலை மட்டும் 30,500 ஆகியிருந்தது.