ஏ அண்ட் இ (ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு) அனுபவம்: ஆம்புலன்ஸுக்கு 5 ஸ்டார், உள்ள 2 ஸ்டார்

போன வாரம் ராத்திரி அம்மா நெஞ்ச அடைக்குதுன்னு சொன்னதும் சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் நம்பர் 995 அடிச்சேன், நிஜ அவசரம்னா காசு கிடையாது, சும்மா சளி காய்ச்சலுக்குக் கூப்பிட்டாதான் 274 வெள்ளி. வந்த ஆம்புலன்ஸ் பாராமெடிக் பொண்ணுக்கு சின்ன வயசு, "மக்சிக், சாக்கிட் மானா"ன்னு (அம்மா, எங்க வலிக்குதுன்னு) மலாய்ல கேக்க, அம்மா தன்னோட பழைய கம்பத்து (கிராமத்து) மலாய்ல கதைய ஆரம்பிக்க, அதுக்குள்ள அந்தப் பொண்ணு வளையல மேல தள்ளி கையில ஊசி லைன் போட்டு, ஈசிஜி எடுத்து, அத ஆஸ்பத்திரிக்கும் அனுப்பியாச்சு. கை நடுங்கவே இல்ல. 5 ஸ்டார்.

உள்ள போனா வேற கதை. ஆஸ்பத்திரி பேரு வேணாம். ஈசிஜி பரவால்ல, பி2ன்னு, அதாவது அவசரத்துல ரெண்டாவது படின்னு போட்டாங்க, ஆனா வார்டுல கட்டில் இல்லன்னு 16 மணி நேரம் அங்கேயே படுக்க வச்சாங்க. ஒரு வரிசை கட்டிலுக்கே ஒரு மிஸ்ஸிதான் (நர்ஸ்). அம்மா பாத்ரூம் போக பெல் அடிச்சு 40 நிமிஷம் ஆச்சு. ஓடி வந்த மிஸ்ஸி முகத்தப் பாத்தப்போ திட்டவே மனசு வரல, மூணு எடத்துல டிரிப் மெஷின் கத்திக்கிட்டு இருக்கு.

பக்கத்துக் கட்டில் தாத்தாவோட மகன், "பேசாம இந்த பாராமெடிக்குங்களையே உள்ளயும் வேலைக்குப் போடலாமே"ன்னாரு. கனடாவுல நோவா ஸ்கோஷியா பக்கம் 2011ல ஆரம்பிச்ச சின்ன ஊர் அவசர மையங்கள்ல ராத்திரில நர்ஸும் பாராமெடிக்கும் சேந்து நோயாளிய பாத்தாங்க, டாக்டர் ஃபோன்லதான் இருந்தாரு. வாசல்ல யாருக்கு அவசரம்னு ஆள் பிரிக்க, லைன் போட, ஈசிஜி எடுக்க இங்கேயும் அவங்கள வச்சா நல்லாத்தான் இருக்கும், அதுதான் அவங்க தினமும் பண்ற வேலை.

ஆனா அம்மா காத்துக்கிடந்தது அதுக்கா? வேளாவேளைக்கு மாத்திர, இன்சுலின், திருப்பிப் படுக்க வைக்கிறது, பெட்பேன், இதுக்குத்தான். அது முழுக்க வார்டு வேலை, நர்ஸ் படிச்ச வேலை, அதுக்கு பாராமெடிக்க கொண்டு வந்து நிறுத்துனா ரெண்டு பேருக்கும் கஷ்டம், 995க்கும் ஆள் கொறையும். நர்ஸுங்க நிலைச்சு நிக்கட்டும்னுதான் 2024ல ஏஞ்சல் திட்டம்னு, 20 வருஷத்துல 1 லட்சம் வெள்ளி வரைக்கும்னு அறிவிச்சாங்க. நல்லதுதான், ஆனா அன்னிக்கு ராத்திரி எங்க வரிசைக்கு ஒரே மிஸ்ஸிதானே.

போறவங்க ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க, ஏர்கான் குளிர் எலும்ப ஆட்டும். மருந்து எல்லாத்தையும் கவரோட அள்ளிட்டுப் போங்க, ஒரே கேள்விய நாலு பேரு கேப்பாங்க.