நோசோப் முகாம்: கேரவனை இழுத்துக்கொண்டு போகலாமா?

ஜூலை விடுமுறைக்கு மூன்று குடும்பம் கலகாரிப் பாலைவனம் போகலாம் என்று பேச்சு எழுந்தது. முன்னால் போய் இடம் பார்த்து வரும் வேலை என் தலையில் விழுந்தது. புரட்டாசியில் நானும் மனைவியும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து கிளம்பி, கிம்பர்லியில் ஓர் இரவு தங்கி, அப்பிங்டன் வழியாக அங்குள்ள கலகாடி வனவிலங்குப் பூங்கா போய்ச் சேர்ந்தோம்.

வாசல் முகாமான டுவீ ரிவீரன், அப்பிங்டனிலிருந்து 250 கிலோமீட்டர். முழுக்கத் தார்ச்சாலை. கடை, உணவகம், நீச்சல் குளம் எல்லாம் உண்டு. பிள்ளைகளுக்குப் போதும், எனக்குப் போதவில்லை.

நோசோப் அங்கிருந்து இன்னும் 160 கிலோமீட்டர், மண் சாலை. 50க்கு மேல் வேகம் கூடாது. வறண்ட ஆற்றுப் படுகைதான் போட்ஸ்வானா எல்லை, நடுவில் வேலி கிடையாது. 2000இல் இரண்டு நாட்டுப் பூங்காவையும் ஒன்றாக்கிவிட்டார்கள். எங்கள் கண் முன்னே ஒரு ஜெம்ஸ்பொக் மான் பாஸ்போர்ட் இல்லாமல் நாடு மாறியது.

மண் சாலையில் டயர் காற்றைக் குறைக்க வேண்டும். எங்கள் பக்கிக்கு (பிக்கப் வண்டி) குறைத்தேன், பின்னால் இழுத்து வந்த கேரவனுக்கு மறந்தேன். சாலையோ தகரக் கூரை மாதிரி நெளிநெளியாக இருந்தது. போய்க் கதவைத் திறந்தால் அலமாரித் தாழ் கழன்று, 'மதர் இன் லா' மசாலா டப்பா கவிழ்ந்து, மெத்தையெல்லாம் சிவப்பு. இரவு முழுக்க இருவரும் தும்மினோம்.

தண்ணீர் உப்புக் கரிக்கும். முதல் தேநீரை ஒரு வாய்க்கு மேல் குடிக்க முடியவில்லை, கேன் தண்ணீர் கட்டாயம். மின்சாரத்தை நம்பிப் போகாதீர்கள்.

ஆனால் முகாமிலிருந்து நடந்தே போய், நீர்க்குட்டையைப் பார்த்தபடி மறைவில் உட்காரலாம். நரி ஒன்று வந்தது. இரண்டு மடக்கு குடிக்கும், தலை தூக்கும். மறுபடி இரண்டு மடக்கு. திடீரென்று குடிப்பதை விட்டு நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கருத்த பிடரியோடு சிங்கம். மூச்சு விடவும் பயந்தோம்.

பொழுது சாய்ந்ததும் மணலுக்குள்ளிருந்து குரைக்கும் பல்லிகள் நூற்றுக்கணக்கில் 'டிக் டிக்' என்று தொடங்கின. "ஏங்க, இதுல எந்தப் பல்லிக்குப் பலன் பாக்குறது?" என்றாள் மனைவி.

சுற்றிலும் இறைச்சி சுடும் பிராய் புகை, எங்கள் சட்டியில் சுகர் பீன்ஸ் கறி. வேலிக்குள் நுழைந்த நரிக்குப் புரட்டாசி தெரியுமா? ஒன்றும் கிடைக்காத கோபத்தில் என் இடது செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. செருப்பை வெளியே விடாதீர்கள்.

ஜூலைக்கு இப்படி முடிவு செய்திருக்கிறேன்: கேரவன் வேண்டாம், பக்கியில் கூடாரம், நோசோப்பில் இரண்டு இரவு. ஜூலை இங்கே குளிர்காலம், இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும், கம்பளி நிறைய வேண்டும். தரையில்தான் படுக்கை என்பதை மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.